ரியோஸ்டாட்டை எங்களிடமும் கொடுங்கள்



ஓம் விதி சோதனை என்றால் மாணவர்கள் கம்பி இணைப்பார்கள், மாணவிகள் நோட்டில் அளவு எழுதுவோம். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிப் போச்சு. (மாணவர்களிலும் எப்பவும் அதே ரெண்டு பேர்தான்!) இது சரியில்லை என்பது என் கருத்து.

புத்தகத்தில் மின்தடைக் குறியின் மேல் ஒரு அம்பு போட்டு 'மின்தடை மாற்றி' என்று இருக்கும். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. ஏறியது எங்க தாத்தா ரேடியோவால்தான். 1960களில் திருச்சி வானொலி சொல்லித்தான் நம்ம தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 நெல் பரவிச்சாம். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேராம். அதனால் தாத்தாவுக்கு ரேடியோ என்றால் உசிரு.

அதில் சத்தம் வைக்கும் குமிழைத் திருகினால் ஒரே 'கர்ர் கர்ர்'. பேட்டரியை எடுத்துவிட்டுக் கழற்றினேன். "பொம்பளப் புள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுக்குடி?" என்றார் அத்தை. குமிழுக்கு அடியில் மூணு கால் வச்ச சின்ன டப்பி. உள்ளே மாட்டு லாடம் மாதிரி ஒரு கரிப்பட்டை. பட்டையின் ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கால். நடுக்கால், பட்டை மேல் உரசிப் போகும் தகட்டோடு சேர்ந்தது. கரியில் மின்சாரம் நெடுந்தூரம் போனால் தடை அதிகம், கொஞ்ச தூரம் என்றால் குறைவு. தகடு நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு பங்குதான் ஸ்பீக்கர் பக்கம் போகும். வயல் மடையில் பலகையை ஏற்றி இறக்கித் தண்ணி விடுவோமே, அது மாதிரி. நடுவில் தூசி அடைந்ததால்தான் கர்ர். ரிப்பேர் கடை அண்ணன் கொடுத்த கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு, இருபது தடவை திருகினேன். சரியாப் போச்சு.

ஆய்வக ரியோஸ்டாட்டும் இதே சங்கதிதான். கரிக்குப் பதில் பீங்கான் குழாயில் சுற்றிய கம்பி, திருகுவதற்குப் பதில் நகர்த்தணும். நாமே நகர்த்தி அம்மீட்டர் முள் ஏறுவதைப் பார்ப்பது வேற, ஒருத்தன் "பூஜ்யம் புள்ளி நாலு" என்று கத்த நாம் எழுதுவது வேற.

ஷாக் அடிக்கும் என்கிறார்கள். வீட்டு லைனில் வருவது 230 வோல்ட், அதில் யாருமே கை வைக்கக் கூடாது. சோதனைக்கு வைப்பதோ ரெண்டு பேட்டரி, 3 வோல்ட். அது ஆணா பெண்ணா என்று பார்த்தா அடிக்கும்?

டீச்சர், அடுத்த சோதனையில் நாங்கள் இணைக்கிறோம். அவர்கள் அளவு எழுதட்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி