கொல்ல நேர்ந்தாலும் வதைக்கலாகாது

பழனி மலையடிவாரத்தில் பாலாறு–பொருந்தலாறு அணையை அடுத்துள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களின் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி புதிய பகையன்று. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், பல மாத உழைப்பு ஓரிரவில் மண்ணாகிவிடும்.

பன்றி நமக்கு ஹராம். எனவே அது எவ்வாறு செத்தால் நமக்கென்ன என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். உண்ணத் தடை என்பது வேறு. வதைக்க அனுமதி என்பது வேறு. அறுக்கும் பிராணிக்கும் வேதனை குறையுமாறு கத்தியைத் தீட்டிக்கொள்ளப் பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். உண்ணாத பிராணியிடம் அந்த இரக்கம் அற்றுப்போக வேண்டியதில்லை.

நடைமுறையோ வேறாக இருக்கிறது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வாயைச் சிதைக்கும். உயிரை உடனே போக்காது. 2020 மே மாதம் பாலக்காட்டில் கருவுற்ற யானையொன்று வெடி வைத்த தீனியைக் கடித்து, உண்ண இயலாமல், வெள்ளியாற்று நீரில் நின்றபடியே மாண்டது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலி மூன்று யானைகளைப் பலிகொண்டது. இரவில் வயலுக்குச் செல்லும் மனிதரையும் அதே கம்பிதான் கொல்கிறது.

துப்பாக்கியே மேல் என்றால், எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்ற கேள்வி எழுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கெனக் குறிப்பிடுவது, குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அதன் சில்லறை ரவைகள் பன்றியின் தடித்த தோலையும், ஆண்பன்றியின் தோளைக் கவசம்போல் மூடிய கெட்டித் திசுவையும் தாண்டி உள்ளே செல்வது அரிது. காயம்பட்ட விலங்கு புதருக்குள் புகுந்து நாள்கணக்கில் துடிக்கும்; எதிர்ப்படுவோரைப் பாயும். ரைபிளிலும் முழு உலோக உறையிட்ட தோட்டா உடலைத் துளைத்து அப்பால் பாய்ந்துவிடும். ஈய நுனி வெளித்தெரியும் தோட்டா உள்ளே சென்று விரிவதால், மார்பில் தாழ்வாக உள்ள இதயத்தையும் நுரையீரலையும் தாக்கி விரைவில் உயிரை முடிக்கும். அதுவும் பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், பயிற்சி பெற்றவர் கையால் மட்டுமே நிகழ வேண்டும்.

அந்தக் கை நம்முடையதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மலையை ஒட்டிய நிலத்துக்கு இந்த ஏற்பாட்டில் துப்பாக்கி வராது. கூண்டும் இழப்பீடும்தான் வழி. அவை தாமதமானால் ஏழை விவசாயி மீண்டும் அவுட்டுக்காயைத்தான் நாடுவார்.

எனவே அடிவாரத்து ஜமாஅத்துகள் இழப்பீட்டு மனு எழுதத் தெரியாதோருக்கு, எந்தச் சமயத்தவராயினும், எழுதிக் கொடுக்கட்டும். கூண்டு கேட்டு ஊர் முழுதும் சேர்ந்து வனத்துறையை அணுகட்டும். அண்டை வீட்டாரின் பயிரைக் காப்பதும் வாயற்ற ஜீவனின் வேதனையைத் தடுப்பதும் நம்மேல் உள்ள ஒரே அமானிதத்தின் இரு பக்கங்கள். அல்லாஹ் மிக அறிந்தவன்.