பிள்ளைப் பிராயத்தில் பிரசவம்

சாரதா சட்டம் என்று நம் பாட்டனார் காலத்தவர் வழங்கிய பாலிய விவாகத் தடைச் சட்டம் 1929ஆம் ஆண்டு நிறைவேறியபோது, பெண்ணுக்குப் பதினான்கு வயது நிரம்பிய பிறகே விவாகம் என்ற அந்தச் சிறு நிபந்தனையைக்கூடத் தர்ம விரோதமென்று சொல்லி எதிர்த்தவர்கள் பலர். மருத்துவரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் அந்த எதிர்ப்புக்கு அஞ்சாமல் இளம் பெண்களின் சார்பில் வாதாடினார்கள். 1978இல் அந்த வயது பதினெட்டாக உயர்ந்தது. இப்போது அமலில் உள்ள 2006ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைத் திருமணத்தை நடத்தி வைப்பவர்களுக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 6.3 பேர் தாய்மாராகவோ கர்ப்பிணிகளாகவோ இருந்தார்கள் என்பதும், முந்தைய ஆய்வில் இது 5 ஆக இருந்தது என்பதும், கல்வியில் முன்னேறிய மாநிலமென்று பெருமை கொள்ளும் நம் மனத்தை உறுத்த வேண்டிய செய்திகள்.

கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிய வரும், பதினெட்டு நிரம்பாத பெண்ணிடம் செவிலியர் வயதைக் கேட்டால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே கூட வந்த மாமியார் "பத்தொன்பது" என்று சொல்லிவிடுவார். ஆதார் அட்டையைக் கேட்டாலோ, அது ஊரில் இருக்கிறது, அடுத்த மாதம் கொண்டு வருகிறோம் என்பார். வயதை மறைத்தாலும் ஆபத்து மறைவதில்லை. நாடெங்கும் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. தன் சரீரத்தின் வளர்ச்சிக்கே இரத்தமும் சத்தும் போதாத ஒரு சிறுமி இன்னோர் உயிரையும் சுமக்க நேரும்போது, இரத்தக் கொதிப்பும், பிரசவகால வலிப்பும், குறைமாதப் பேறும், எடை குறைந்த சிசுவும் அவளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக நேரக்கூடிய அபாயங்களாகின்றன.

இளவயதுக் கர்ப்பத்துக்குப் பெண்ணின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது சுலபம். அந்த அறியாமையை வளர்த்தவர்கள் நாமல்லவா? ஒரு பெண் பூப்பெய்தினால், பந்தலிட்டு, தாய்மாமன் சீர்வரிசையை ஊர்வலமாகக் கொண்டு வந்து, அவள் படத்தைத் தெருமுனைப் பதாகையில் அச்சிட்டு, ஊரையே கூட்டி விருந்து வைக்கிறோம். ஆனால் அந்த மாற்றத்தின் பொருள் என்ன, கர்ப்பம் எவ்வாறு உண்டாகிறது, ஒருவன் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது, யாரிடம் சொல்வது என்ற விஷயங்களை மட்டும் அவள் காதில் போடக் கூசுகிறோம். நாம் சொல்லாததைக் கைபேசியும் சிநேகிதர்களும் அரைகுறையாகச் சொல்கிறார்கள். பையன்களிடமோ யாருமே பேசுவதில்லை. பொறுப்பில் பாதி அவர்களுடையது என்பதை அவர்களும் அறிவதில்லை. பிறகு பெண் யாருடனோ பேசினாள் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் பதறி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு வைகாசி முகூர்த்தத்தில் சொந்தத்திலேயே ஒருவனைப் பிடித்துத் தாலி கட்ட வைப்பது, எந்த ஆபத்துக்கு அஞ்சினோமோ அதிலேயே அவளைத் தள்ளுவதாகும்.

ஏற்கெனவே கருவுற்றுவிட்ட சிறுமியைப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குக்குப் பயந்து வீட்டில் மறைப்பது இன்னும் பெரிய கொடுமை. மனமொத்த உறவால் கருவுற்ற மைனர் பெண் கருக்கலைப்பு நாடி வரும்போது, அவளும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகையால் கைமருந்தையும் போலி வைத்தியரையும் நாடி உயிருக்கு உலை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெண்ணைப் படிப்பில் நிறுத்தி வைப்பதே உத்தமமான தடுப்பு என்பது என் உறுதியான அபிப்பிராயம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. தேர்வில் தவறியவளுக்குத் துணைத் தேர்வு இருக்கிறது. ஆசிரியர்களே, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வராத பெண்ணின் வீட்டுக்கு அந்த வாரமே சென்று விசாரியுங்கள். மண்டபக்காரர்களே, பத்திரிகை அச்சிடுவோரே, புரோகிதர்களே, பெண்ணின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் பள்ளிச் சிறுமிக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.