மலிவு விலைத் துவக்குகள்

சார்ஜாவில் எட்டுப்பேர் படுக்கும் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமும் ஆகாத தம்பி ஒருவர் கைத்தொலைபேசியில் இந்நாட்டுக் கலியாணவீடு ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கி போட்ட இளைஞர்கள் துவக்கை மேலே எறிந்து, அது சுழன்று வர, ஒற்றைக் கையால் ஏந்துகிறார்கள். தம்பிக்குக் கண் விரிந்துவிட்டது.

"அண்ணை, எங்களிட்டை இப்பிடி ஒரு ஆயிரம் துவக்கு எண்பத்தி மூண்டிலேயே இருந்திருந்தால் கதை வேறை, என்ன?"

இரண்டுபேர் தலையாட்டினார்கள். இன்னொருவர் எந்தத் துவக்கை எந்த ஊரில் மலிவாக எடுக்கலாம், எதில் சன்னம் இறுகும், எதைத் திருத்தலாம் என்று விளக்கத் தொடங்கினார். கராஜில் பழைய டொயோட்டாவைப் பற்றிக் கதைப்பது போன்ற கதை. எட்டாவது கட்டில்காரர் மட்டும் எழும்பித் தேநீர் வைக்கப் போய்விட்டார். அவர் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம். அப்போது அவருக்கு எட்டு வயது.

நாம் வாயைத் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறோம். அன்று பேசாததை இங்கே எழுதுகிறோம். பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இதே 'இருந்திருந்தால்' பேசப்படுகிறது என்பதை அறிவோம். எனவே இது அந்தத் தம்பிக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

*

நாம் வேலை செய்யும் இந்தக் கடற்கரைக்குப் பழைய துவக்கு வியாபாரம் புதிதல்ல. 1886இல் பிரெஞ்சு இராணுவம் லெபெல் துவக்குக்கு மாறியது. 1888இலிருந்து பிரித்தானிய இராணுவம் லீ-மெற்போர்ட்டுக்கு மாறியது. அப்படியானால் அதுவரை கையிலிருந்த கிராஸ் துவக்குகளும் மார்ட்டினி-ஹென்றித் துவக்குகளும் எங்கே போவது? கிடங்கில் கிடந்தால் நட்டம். ஆபிரிக்காவுக்கு அனுப்பலாமென்றால், 1890இல் பிரசல்ஸில் கூடிய அரசுகள் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதிக்கு ஆயுதம் விற்பதைக் கட்டுப்படுத்திவிட்டன. கப்பல்கள் மஸ்கட்டுக்குத் திரும்பின.

அடுத்த இருபது வருடங்கள் மஸ்கட் ஆசியாவின் துவக்குச் சந்தையாக இருந்தது. ஐரோப்பியரும் பாரசீகரும் இந்தியரும் அங்கே கடை வைத்தார்கள். சுல்தானுக்குச் சுங்க வருமானம் வந்தது. மரக்கலங்கள் துவக்கை எதிர்க்கரையான மக்ரானுக்குக் கொண்டுபோய் இறக்கின. அங்கிருந்து ஆப்கான் ஒட்டகக் கூட்டங்கள் ஏற்றிச் சென்றன. 1897இல் இந்திய வடமேற்கு எல்லையில் பஷ்தூன்கள் கிளர்ந்தபோதுதான் பிரித்தானியருக்குச் சுட்டது. தங்கள் நாட்டு வர்த்தகர்களும் விற்ற பண்டம் தங்கள் படையையே நோக்கித் திரும்பியிருந்தது. 1898இல் 'பலுசிஸ்தான்' என்ற கப்பலை மஸ்கட் கடலில் மறித்துத் துவக்குகளைப் பறித்தார்கள். வியாபாரத்தை முற்றாக நிறுத்த முயன்றபோது, 1844ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டிப் பிரான்ஸ் குறுக்கே நின்றது. சுதந்திர வர்த்தகத்தின் பெயரால்தான்!

1909 முதல் பிரித்தானியக் கடற்படை வளைகுடாவை முற்றுகையிட்டது. 1910 டிசம்பர் 24ஆம் திகதி 'ஹயசிந்த்' போர்க்கப்பலிலிருந்து ஆயுதம் தேட டுபாயில் இறங்கிய படையினருக்கும் ஊராருக்கும் சண்டை மூண்டது. 37 அரபுகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் டுபாய் ஷேக்கிடம் கேட்கப்பட்ட தண்டம் என்ன தெரியுமா? 50,000 ரூபாவும் 400 துவக்குகளும். துவக்கைத் தேடி வந்தவர்கள் துவக்கையே அபராதமாக வாங்கிப்போனார்கள். 1912இல் மஸ்கட்டில் அரசக் கிடங்கு ஒன்று திறக்கப்பட்டு, வியாபாரம் ஒடுங்கியது. சுங்கத்தை இழந்த சுல்தானுக்கு நட்டஈடு கிடைத்தது. டுபாயில் செத்த 37 பேரின் வீட்டுக்காரரைப் பற்றி அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை.

நூறு வருடத்துக்கு முந்திய கதையை ஏன் இழுக்கிறோம் என்று கேட்கலாம். துவக்கின் மாதிரி மாறியதே தவிர, கணக்குப்புத்தகம் மாறவில்லை என்பதற்காகத்தான்.

*

1950களில் அரைத்தானியங்கித் துவக்குகள் வந்தன. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு சன்னம் போகும், அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். நம்மவருக்குப் பழக்கமான எஸ்.எல்.ஆர். அந்த வகைதான். இலங்கை இராணுவத்தின் தோளிலும், 1987இல் வந்திறங்கிய இந்தியப் படையின் தோளிலும் நாம் கண்டது அது. எதிர்த்திசையில் சோவியத் எஸ்.கே.எஸ். இருந்தது. தன் படைக்கு ஏ.கே. கிடைத்தபின் மொஸ்கோவுக்கு அது மிச்சப்பொருள். மிச்சமானதைத் தோழமையின் பெயரால் உலகெங்கும் அனுப்பினார்கள். சீனாவும் தன் பிரதியை அனுப்பியது.

இந்த இரண்டு வகையும் ஓமானின் டோபார் மலைகளில் மோதிக்கொண்டன. 1965இல் அங்கே கிளர்ச்சி தொடங்கியது. கிளர்ச்சியாளருக்குத் தென் யேமன் வழியாகச் சீன, சோவியத் துவக்குகள் வந்தன. சுல்தானின் படையிடம் பெல்ஜிய எப்.என். துவக்குகள் இருந்தன. 1970இல் புதிய சுல்தான் வந்தபின், பிரித்தானிய ஆலோசகர்கள் ஒரு வழி கண்டார்கள். சரணடைபவருக்குப் பணம். அவர் கொண்டுவரும் துவக்குக்கு வேறாகப் பணம். பிறகு அதே ஆளைச் சேர்த்து 'ஃபிர்கா' என்ற துணைப்படை அமைத்து, கையில் எப்.என்.னைக் கொடுத்து, நேற்றுவரை தோழனாக இருந்தவனைத் தேட மலைக்கு அனுப்பினார்கள். 1975 டிசம்பரில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இதை வாசிக்கும் எவருக்கும் வவுனியாவும் மட்டக்களப்பும் நினைவுக்கு வரவில்லையென்றால், அவர் எங்கள் வரலாற்றை மறக்கத் தீர்மானித்தவர் என்றே கொள்ளவேண்டும்.

*

இனி எங்கள் கணக்கு. 1970களின் நடுப்பகுதியில் லண்டனிலிருந்த சிலர் பாலஸ்தீன இயக்கங்களோடு தொடர்பு கொண்டார்கள். பொடியள் லெபனானுக்குப் போனார்கள். 1983க்குப் பின் இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. 1984இல் புளொட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆயுதக் கொள்கலன் சென்னைத் துறைமுகத்தில் பிடிபட்டது. 1986 நவம்பரில் தமிழ்நாட்டுப் பொலிஸ் இயக்க முகாம்களில் புகுந்து ஆயுதங்களை அள்ளியது. குழாயைத் திறந்த கைதான் மூடவும் செய்தது.

இடையில் 1986 ஏப்ரல், மே. புலிகள் ரெலோவை அழித்தார்கள். டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எவ். இன்மேல் பாய்ந்தார்கள். இராணுவத்துக்கென்று வாங்கிய துவக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சுட்டது. 1989இல் இந்தியப் படையின் நிழலில் 'தமிழ்த் தேசிய இராணுவம்' கட்டப்பட்டபோது, தெருவில் பிடிக்கப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் துவக்கு திணிக்கப்பட்டது. இந்தியப் படை கப்பலேற, அந்தத் துவக்குகள் புலிகளிடம் போயின. அதே காலத்தில் பிரேமதாச அரசும் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. 1990 யூனில் அந்த அரசுக்கும் புலிகளுக்கும் போர் வெடித்தது. ஒக்டோபரில் சோனகதெருவின் வாசலில் துவக்கு வந்து நின்றது.

தம்பி கேட்ட 'ஆயிரம் துவக்கு' எங்களிடம் இருந்தது. ஆயிரத்தைவிடக் கூடவே இருந்தது. அதை மறந்துவிட்டுத்தான் 'இருந்திருந்தால்' என்கிறோம்.

*

அறையில் கதை விட்டவர் பழுதுபார்ப்பதைப் பற்றியும் சொன்னார். அதிலும் உண்மை உண்டு. பழைய துவக்குக்குக் குழல் துருப்பிடிக்கும், சுருள்வில் தளரும், ரவைக்கூடு நெளியும். மணலில் இறுகும் என்பதால் பிரித்தானியர் எஸ்.எல்.ஆர். இன் பூட்டுப் பகுதியில் மணல் விலகுவதற்கென்றே வெட்டுக்கள் போட்டார்கள். இவை கழற்றித் துடைத்து மாட்டினால் தீரும் பழுதுகள். எந்தக் கம்மாலையிலும் தீராத பழுதுகள் மூன்று உண்டு.

முதலாவது, ரவை. துவக்கை ஒருமுறை வாங்கினால் போதும், ரவையைச் சாகும்வரை வாங்கவேண்டும். எஸ்.எல்.ஆர். உம் 7.62 மில்லிமீற்றர், ஏ.கே. உம் 7.62 மில்லிமீற்றர்தான். ஆனால் ஒன்றின் ரவை மற்றதில் ஏறாது. ஒன்றின் கோது 51 மில்லிமீற்றர் நீளம், மற்றதினது 39. எந்தத் துவக்கைத் தூக்குகிறாய் என்பதிலேயே எந்த நாட்டின் வாசலில் நிற்கப்போகிறாய் என்பதும் முடிவாகிவிடுகிறது. விற்பவன் துவக்கை மலிவாகத் தருவது இதனால்தான்.

இரண்டாவது, கை மாறுதல். இரும்புக்கு விசுவாசம் கிடையாது. நல்லபடி எண்ணெய் போட்டு வைத்தால் ஒரு துவக்கு மூன்று தலைமுறை சுடும். வாங்கிய காரணம் அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. மஸ்கட்டில் விற்றது கைபர் பக்கம் வெடித்தது. எங்களுடையது எங்கெங்கே வெடித்தது என்று மேலே சொன்னோம்.

மூன்றாவதுதான் மிகப் பொல்லாத பழுது. துவக்கு வந்தபின் கேள்வி கேட்பவன் துரோகியாகிறான். ஒரு சமூகம் எழுபது வருடங்களாகச் சங்கம், வாசிகசாலை, தொழிற்சங்கம் என்று கட்டியவற்றை நாலு துவக்கு ஒரு கிழமையில் மூடவைத்தது. துவக்கைத் திருத்தத் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறைய இருந்தார்கள். துவக்கு வைத்திருந்தவனைத் திருத்த ஒருவராலும் முடியவில்லை.

*

"அப்படியானால் அடிவாங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1956, 1958, 1977, 1981, 1983 எல்லாம் எங்களுக்கும் தெரியும். யாழ் நூலகம் எரிந்த சாம்பலை எங்களில் சிலர் கண்ணால் கண்டவர்கள். பொழுதுபோக்குக்காக எவரும் துவக்கைத் தேடிப் போகவில்லை. அரசின் கையில் எங்களுடையதைவிடப் பெரிய துவக்கு எப்போதும் இருந்தது. 2009 மே மாதம் அது என்ன செய்தது என்பதற்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை. அந்த அரசை மன்னிக்கும்படி நாம் எவரையும் கேட்கவில்லை. ஆனால் அரசின் குற்றம் எங்கள் கணக்கைத் தீர்த்துவிடாது. துவக்கு வாங்கக் கொடுத்த ஒவ்வொரு பிராங்கும் மார்க்கும் திர்ஹாமும் எங்கள் வியர்வை. அது யாரைச் சுட்டது என்று கேட்கும் உரிமையும், கேட்கவேண்டிய கடமையும் எங்களுடையவை.

இங்கே நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அபுதாபியில் 1993 முதல் இரண்டு வருடத்துக்கொருமுறை ஆயுதக் கண்காட்சி நடக்கிறது. எங்களில் ஒருவர் அங்கே கம்பளம் விரிக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் நகை போலத் துவக்கு, பக்கத்தில் பேரீச்சம்பழமும் கோப்பியும். வாங்குவதோடு நின்ற இந்நாடு இப்போது தானே துவக்கு செய்து விற்கிறது. ஆனால் தம்பி பார்த்து மயங்கியது போன்ற ஆட்டங்களில், ரஸ்ஃபா என்ற வகை 2015இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் ஆடுபவர் கையில் இருப்பது மரத்தால் செய்த போலித் துவக்கு. மேடைக்கு மரமும் கிடங்குக்கு இரும்பும் என்று பிரித்துவைக்க இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ ஐரோப்பிய மண்டபங்களில் பத்து வயதுப் பிள்ளைக்கு வரிச்சீருடை போட்டு, மரத்துவக்கைக் கொடுத்து, அது நிசமென்று நம்பச் சொல்லிக் கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளை நாளை பல்கலைக்கழகம் போகும். துவக்கு நிசமானால் தூக்கப்போவது வன்னியில் மிஞ்சியிருக்கும் ஏழையின் பிள்ளைதான்.

மிச்சத் துவக்குக்கு மிச்ச மனிதர்கள் தேவை. வளைகுடா நாடுகள் எதுவும் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. உங்களுக்கு அகதி என்ற பெயராவது உண்டு. எங்களுக்கு விசா முடியும் திகதி மட்டும்தான். இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் முகவர்கள் வருகிறார்கள். ரஷ்யாவில் உதவியாள் வேலை என்று ஆசைகாட்டி இளைஞர்களை உக்ரெயின் போர்முனைக்கு அனுப்பியதாக 2024இல் இந்திய மத்திய புலனாய்வுப் பிரிவு வழக்குப் பதிந்தது. அதில் டுபாயிலிருந்து இயங்கிய முகவரும் உண்டு. இலங்கையிலிருந்து ஓய்வுபெற்ற படையினர் நூற்றுக்கணக்கில் அதே போருக்குப் போனார்கள். துவக்கைத் தூக்கத் தெரிந்த ஏழை எங்கேயும் விலைபோவான்.

எனவே கேட்கிறோம். பிள்ளைகளின் கையிலிருந்து அந்த மரத்துவக்கை வாங்கி வையுங்கள். இனி எவர் வந்து எந்தப் பெயரில் காசு கேட்டாலும், பழைய காசுக்குக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். 'இருந்திருந்தால்' என்று ஒருவர் தொடங்கும்போது எங்களைப்போல் வாய்மூடி இருக்காதீர்கள்.

அன்று தேநீரோடு திரும்பிவந்த எட்டாவது கட்டில்காரர் முதல் கோப்பையைத் தம்பியிடம்தான் நீட்டினார். "அந்த ஆயிரத்தில ஒண்டு எங்கட வாசலுக்கும் வந்தது, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தம்பி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஏதேதோ கதைத்தோம். சோனகதெருவைப் பற்றி ஒருவரும் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வாற ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் இதை வாசித்துக்காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். அவரும் வேலைக்குப் போகாமல் நிற்கும் நேரமாகப் பார்த்து.