நாக்கை அடக்கச் சொல்லாதீர்கள், சோறு போடுங்கள்

"நாக்கை அடக்கும்மா. கண்டதையும் தின்னுட்டு வந்தா மெஷின் என்ன பண்ணும்?"

டயாலிசிஸ் பிரிவில் எங்கள் தெருப் பெரியம்மாவைப் பார்த்து ஒரு செவிலியர் சொன்னது. "எங்கம்மா தின்னேன்? கஞ்சியத் தவிர ஒண்ணும் எறங்க மாட்டேங்குது" என்றார் பெரியம்மா. நாற்பது வருஷம் ஊரான் வயலில் நடவு நட்டவர். அவருடைய நாக்கைப் பற்றித்தான் தோழர்களே, பேச வேண்டியிருக்கிறது.

நாக்கு என்பது தசை. டயாலிசிஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து பல கிராம் அமினோ அமிலங்களும் ரத்தத்திலிருந்து வெளியேறுகின்றன. அதனால்தான் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறது மருத்துவம். 50 கிலோ எடை என்றால் 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம். புரதம் கிடைக்காத உடல் தன் தசையையே தின்கிறது. கைகால் மெலிவது கண்ணுக்குத் தெரியும். நாக்கு மெலிவது தெரியாது. மெல்லவும் விழுங்கவும் வலுவில்லாமல் கஞ்சியே கதியாகிறது. கஞ்சியில் புரதம் சொற்பம். தசை மேலும் கரைகிறது. இது நாக்கு ருசிக்கு அலைவதா, பட்டினியா?

ஜப்பானில் நாக்கு அண்ணத்தை அழுத்தும் விசையைச் சிறு பலூன் கருவியால் அளக்கிறார்கள். 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் வலுக் குறைவு. பெரியம்மாவுக்கு அளந்தது எடையும் ரத்த அழுத்தமும் மட்டுமே.

2016இல் வந்த தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு மெஷினை இலவசமாக்கியது. நல்லது. ஆனால் மெஷின் உறிஞ்சியதை ஈடுகட்டும் சாப்பாடு யார் பொறுப்பு? காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் தருகிறது ஒன்றிய அரசு. ஆந்திராவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 2019இல் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தார்கள். ஆக, மனமிருந்தால் பணமிருக்கிறது.

பெரியம்மா கையில் கொடுத்த உணவுப் பட்டியலைப் படித்தேன். பனீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, கோழி இருக்கிறது. மாட்டுக்கறி இல்லை. எங்கள் சேரியில் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் நல்ல புரதம் அது. எவ்வளவு சாப்பிடலாம், எப்படிச் சமைக்கலாம் என்று சொல்லக்கூட அந்தக் காகிதத்துக்கு வாய் வரவில்லை. யார் வீட்டு அடுப்படியை மனதில் வைத்து அச்சடித்தீர்கள்? இது மறதியல்ல, சாதி.

மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றே கேள்விகள். டயாலிசிஸ் நடக்கும் நாளில் முட்டையோடு ஒருவேளைச் சாப்பாடு உண்டா? உணவு ஆலோசகர் நோயாளியின் வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டறிந்து பட்டியல் போடுகிறாரா? மெல்லவும் விழுங்கவும் முடிகிறதா என்று யாராவது சோதித்தார்களா? வாயால் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்து பசியோடு வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் சிகிச்சை அல்ல.