1080 டிஐ, 3060, 4060, 5060: எண் ஏறினால் வேகமும் ஏறுமா?

திருவண்ணாமலையில் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு கல்யாண வீடியோவை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். நடுவே தீபத் திருவிழா, பௌர்ணமி கிரிவலம் என யூடியூப் நேரலை வேலைகள் வேறு. எல்லாம் 4கே. எடிட்டிங் சிஸ்டம் திணற ஆரம்பித்ததும் முதலில் தோன்றும் யோசனை, ‘கிராஃபிக்ஸ் கார்டை மாத்திடலாம்’ என்பதுதான்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. எதை எடுப்பது? பலரும் பார்ப்பது இரண்டே விஷயம்: மாடல் எண் பெரிதா, ஜிபி அதிகமா? ஒரு சீசன் வருமானத்தைக் கொட்டி வாங்கும் பொருளுக்கு இந்த இரண்டு மட்டும் போதாது.

ஒரே 3584, இரண்டு கார்டுகள்

2017-ல் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டில் 3584 குடா கோர்கள். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-லும் அதே 3584. மெமரி முறையே 11 ஜிபி, 12 ஜிபி. ஆனால், மெமரியிலிருந்து தகவல் பாயும் வேகம் (பேண்ட்வித்) பழைய கார்டில் வினாடிக்கு 484 ஜிபி. புதியதில் 360 ஜிபிதான். அப்போ பழசுதான் கெத்தா?

சாதாரண கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகவே ஓடும். ஆனால், 1080 டிஐ அதற்கு 250 வாட் மின்சாரம் கேட்கும். 3060-க்கு 170 வாட் போதும். கூடவே ரே டிரேசிங், ஏஐ வேலைகளுக்கான தனிக் கோர்களும் அதில் உண்டு. அக்னித் தலத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. சின்ன எடிட்டிங் அறைக்குள் கூடுதலாக 80 வாட் சூடு என்பது கோடையில் சும்மா இல்லை.

வேறு தலைமுறைக் கார்டுகளின் கோர் எண்ணிக்கையை நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது. 2019-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060-ல் 1920 கோர்கள்தான். 3060-ல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. காரணம், 3060-ன் கோர்களில் பாதி, முழு எண் கணக்கு வரும்போதெல்லாம் அந்த வேலைக்குப் போய்விடும்.

எண் குறைந்தும் வேகம் கூடியது எப்படி?

2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்வோம். கோர்கள் 3072, மெமரி 8 ஜிபி, பேண்ட்வித் 272 ஜிபி. மூன்றுமே 3060-ஐ விடக் குறைவு. இருந்தும் பல கேம்களில் 4060 முந்துகிறது, அதுவும் வெறும் 115 வாட்டில்.

கடிகார வேகம் கூடியது ஒரு காரணம். இன்னொன்று கேஷ் எனப்படும் உள் நினைவகம்: 3060-ல் 3 எம்பி, 4060-ல் 24 எம்பி. பௌர்ணமி அன்று சாலை நெரிசலாக இருந்தாலும், வேண்டிய பொருள் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தால் யார் சாலையில் இறங்கப்போகிறார்கள்? அதேதான் இங்கும்.

ஆனால், 8 ஜிபி நிறைந்துவிட்டால் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. எஃபெக்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன், ஏஐ கருவிகள் என அடுக்கும்போது தகவல்கள் கம்ப்யூட்டரின் ரேமுக்கு வழியும், வேகம் படுத்துவிடும். அப்போது 12 ஜிபி உள்ள பழைய 3060 ஜெயிக்கும்.

ஸ்டுடியோவுக்கு வேறு கணக்கு

எடிட்டிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. இப்போதைய சோனி போன்ற கேமராக்கள் பல, 10 பிட் 4:2:2 என்ற முறையில் எச்.265 வீடியோவைப் பதிவு செய்கின்றன. இதைப் பிரித்துக் காட்டும் வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-ல் இருக்கு. 1080 டிஐ, 3060, 4060 எதிலும் இல்லை. 4060-க்குச் செலவு செய்த பிறகும் டைம்லைன் விக்கி விக்கி ஓடினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதைவிட முக்கியமானது: இன்டெல் 11-ம் தலைமுறை முதல், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த 4:2:2 வேலையைச் செய்யும். பெயரின் முடிவில் ‘எஃப்’ உள்ள மாடல்களில் மட்டும் அந்த வசதி இருக்காது. சிலருக்குப் புதுக் கார்டே தேவைப்படாமல் போகலாம் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

நேரலைதான் பிரதான வேலை என்றால் ஏவி1 என்கோடிங் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அது 40 வரிசையில் தொடங்கியது.

பேர் ஒண்ணு, சரக்கு வேற

வாங்குபவர் தடுமாறுவதில் நிறுவனங்களின் பங்கு பெரிது. ஜிடி 1030 முதலில் 48 ஜிபி பேண்ட்வித்துடன் வந்தது. 2018-ல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 மாடலில் அது 16.8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3050-லும் இதே கதை: 8 ஜிபி மாடலில் 2560 கோர்கள், 2024-ல் வந்த 6 ஜிபி மாடலில் 2304. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவர் ஏமாந்தார்.

எதிர்ப்பு வந்தால் நிறுவனம் இறங்கி வரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரு மாடல்களை என்விடியா அறிவித்தது. கோர்களோ 9728, 7680. விமர்சனம் கிளம்பியதும் 2022 அக்டோபரில், விற்பனைக்கு வருமுன்பே 12 ஜிபி மாடல் வாபஸ் ஆனது.

பழசு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், விசாரித்துவிட்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறை மாறியதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அப்படிப்பட்டதா எனக் கேட்க வேண்டும். 1080 டிஐ, 1060 உள்ளிட்ட 10 வரிசைக்கு வழக்கமான டிரைவர் அப்டேட்டுகளை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது; இனி பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும்தான்.

காசு கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்: மெமரி எவ்வளவு, எந்த வகை? பேண்ட்வித் எவ்வளவு? எத்தனை வாட், இருக்கும் பவர் சப்ளை தாங்குமா? என் கேமரா ஃபைலை இது பிரிக்குமா? டிரைவர் அப்டேட் இன்னும் வருகிறதா? முடிந்தால் சொந்த ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இந்த விவரங்களை அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட நிறுவனங்களுக்குச் செலவே இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் எடை எவ்வளவு என எழுத வேண்டிய நாட்டில், பல ஆயிரம் ரூபாய் கார்டுக்கு ஏன் அந்தக் கட்டாயம் இருக்கக் கூடாது?