மூக்கு யாருடையது?

உங்கள் வீட்டில் சென்ட் போட்டுக்கொள்ளும் பெண் யாராவது இருந்தால் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘இந்த சென்ட் எப்படி இருக்கு?’ அவ்வளவுதான்.

நான் கேட்டேன். வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்காக ராசிபுரம் பக்கம் போயிருந்தபோது, மணப்பெண் அறையில் ஒரு பாட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. துபாயிலிருந்து வந்த சரக்கு. பழமும் பூவும் கலந்த ரகம். கடைக்காரர் பாஷையில் ‘ஃப்ரூட்டி ஃப்ளோரல்’.

கல்லூரியில் படிக்கும் பெண் சொன்னாள்: “க்ளாஸ்ல எல்லாரும் என்ன பிராண்டுன்னு கேக்கறாங்க அங்கிள்.” வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி: “எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்சுப்போச்சுங்க.” பள்ளிக்கூட டீச்சர்: “ஸ்டாஃப் ரூம்ல ஒரு மாதிரியா பாப்பாங்க. அதனால லீவு நாள்ல மட்டும்தானுங்க.”

கவனித்தீர்களா? நான் கேட்டது அவர்கள் மூக்கை. பதில் வந்ததெல்லாம் அடுத்தவர் மூக்கிலிருந்து! காசு கொடுத்து வாங்கியது இவர்கள். பூசிக்கொண்டது இவர்கள். மார்க் போடுவது மட்டும் தோழி, புருஷன், ஸ்டாஃப் ரூம்.

இது இவர்கள் குற்றம் இல்லை. சென்ட் விளம்பரம் எதையாவது பாருங்கள். பெண் நடந்து போவாள். பத்து ஆண்கள் திரும்புவார்கள். அவள் தன் மணிக்கட்டை முகர்ந்து, ‘அட, நல்லா இருக்கே’ என்று தனியாகச் சிரிக்கிற விளம்பரம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? 2022 ஜூனில் ஆண்களுக்கான ஒரு பாடி ஸ்ப்ரே விளம்பரம், கடையில் தனியாக நிற்கும் பெண்ணைச் சுற்றி நாலு ஆண்களை நிறுத்தி அவளைப் பயப்பட வைத்து, அதையே ஜோக் என்று காட்டியது. மத்திய அரசு தலையிட்டு, ட்விட்டரிலிருந்தும் யூட்யூபிலிருந்தும் நீக்கச் சொன்னது. விளம்பரம் போய்விட்டது. புத்தி போகவில்லை.

‘இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் சார், நம்ம பெண்களுக்கு மல்லிகைப்பூ போதாதா?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். அந்த வெளிநாட்டு பாட்டிலுக்குள் போவதில் நம்ம பூவும் உண்டு. சத்தியமங்கலம் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் விடியும் முன்னே பறிக்கிற மல்லியையும் ஜாதிமல்லியையும் ஹெக்ஸேனில் ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒரு சாரம் எடுக்கிறார்கள். ஒரு கிலோ சாரத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அது கப்பலேறிப் போய், பாட்டிலாகித் திரும்பி வருகிறது.

பழம்தான் டூப்பு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் எண்ணெய் எடுக்கலாம். பீச்சிலோ நம்ம மாம்பழத்திலோ அப்படிப் பிழிந்தெடுக்க முடியாது. அதனால் லேபில் செய்கிறார்கள். 1919-ல் பாரிஸின் கெர்லான் கம்பெனி ‘மிட்சுகோ’ சென்ட்டில் பீச் வாசனையை அப்படித்தான் கொண்டுவந்தது. 1999-ல் வந்த டியோரின் ‘ஜாடோர்’ பழம்-பூ ரகத்தில் பெரிய பெயர் வாங்கியது. ஓசூரில் கடிகாரம் செய்து பேர் வாங்கிய டைட்டனே 2013-ல் சென்ட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் என்ன வெளிநாடு?

சரி, வாசனை என்றால் அவ்வளவு கூச்சமா நமக்கு? சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஜன்னலோர சீட்டில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஜவ்வரிசி ஆலைக் கழிவுத் தண்ணீர் நாற்றம் ஒரு பக்கம். கோழிப்பண்ணை நாற்றம் மறு பக்கம். நடுவில் டீசல் புகை. மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘தொழில் சார், நாலு பேர் பொழைக்கணும்’ என்று பெருந்தன்மையாகப் போய்விடுகிறோம். அதே பஸ்ஸில் ஒரு பெண் கொஞ்சம் சென்ட் அடித்துக்கொண்டு ஏறட்டும். ‘யாரைப் பார்க்கப் போறாளோ!’

இப்போது அந்தக் கல்யாணத்துக்கே திரும்புவோம். வாசலில் தட்டு வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ. என் அத்தை வந்தார். முப்பத்தொரு வயதில் மாமா போனார். அதற்கப்புறம் இருபத்தேழு வருஷமாக அத்தை தலையில் பூ இல்லை. தட்டு வைத்திருந்த பெண், ரொம்ப நாசூக்காக, தட்டை அரை அடி தள்ளிப் பிடித்தாள். அத்தையும் ரொம்ப நாசூக்காக எங்கேயோ பார்த்தபடி உள்ளே போனார். இருவருக்கும் நல்ல பழக்கம். ஆனால் பக்கத்தில் நின்ற பையன் பன்னீர்ச்செம்பை எல்லார் மேலேயும் ஆட்டினான். அத்தை மேலேயும் விழுந்தது. பன்னீர் மட்டும் எதில் செய்தது? ரோஜாப் பூவில்தானே! பூ ஆகாது, பூவின் தண்ணீர் ஆகும். இது எந்த சாஸ்திரம்?

2023 ஆகஸ்டில் ஒரு வழக்கு. ஈரோடு மாவட்டம் நம்பியூர் பக்கம் கோயில் திருவிழாவுக்கு ஒரு பெண் வரக்கூடாது என்றார்கள், காரணம், விதவையாம். பெண்ணுக்கென்று ஓர் அடையாளம் உண்டு, புருஷன் இருக்கிறாரா இல்லையா என்பதை வைத்து அதைப் பறிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோயிலுக்குத் தீர்ப்பு வாங்கியாயிற்று. கல்யாண மண்டபத் தட்டுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? அங்கே நீதிபதி நீங்களும் நானும்தான். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். தட்டிலிருந்த கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து மணப்பெண் அறைப் பக்கம் போனால், யாரும் இல்லாத நேரத்தில் அத்தை அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்து, கண்ணை மூடி முகர்கிறார். என்னைப் பார்த்ததும் சீலைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொண்டார். பூ வைக்கக் கூடாது என்று சொன்ன முன்னோர்களுக்கு இந்த பாட்டில் தெரியாது. அதனால் தடையும் இல்லை. அந்தச் சந்தில் அத்தை நுழைந்துவிட்டார்!

அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். எப்படி இருக்கு?

“நடுசாலை மாம்பழத்தை அறுத்து வெச்ச ரூமுக்குள்ள, மல்லிக் கூடையைத் தொறந்தாப்பல இருக்குது சாமி.”

அன்றைக்குக் கேட்ட நாலு பேரில் தன் மூக்கால் பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான். யார் பிடிக்கும் என்றார்கள், யார் திரும்பிப் பார்த்தார்கள் என்ற கவலை இல்லை. பாராட்ட ஆளே இல்லாதவருக்கு, வாசனை வாசனையாகவே தெரிந்திருக்கிறது. அதற்கு அவர் இருபத்தேழு வருஷம் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் அசிங்கம்.

ஆகவே அம்மணிகளே, உங்கள் மணிக்கட்டை முதலில் நீங்கள் முகருங்கள். பிடித்திருந்தால் போடுங்கள். ஸ்டாஃப் ரூம் தும்மட்டும். ஐயாமார்களே, அடுத்த முகூர்த்தத்தில் பூத்தட்டு உங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கும். அரை அடி தள்ளாமல் நீட்டச் சொல்லுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

“யாருகிட்டயும் சொல்லிப்போடாதே சாமி” என்றார் அத்தை, கையை இன்னும் தலைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு.

சொல்லிவிட்டேன் அத்தை. மன்னிச்சுக்குங்க.