வெடித்த நட்சத்திரமும் பண்டிதர் கேள்வியும்

"விஞ்ஞானமும் ஒரு நம்பிக்கைதானே! நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்து வந்தவன் எவன்?" என்று சில பண்டிதர்கள் கேட்கின்றார்கள். கேள்வி கெட்டிக்காரத்தனமாய்த் தோன்றலாம். ஆனால், இதற்குப் பதில் இல்லையென்று நினைப்பது வெறும் அறியாமையேயாகும்.

வான மண்டலம் மாறாதது, அழியாதது என்று அரிஸ்டாட்டில் சொன்னதை ஐரோப்பா வெகுகாலம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிற்று. 1572-இல் புதிதாய் ஒரு நட்சத்திரம் தோன்ற, டைக்கோ பிராகி என்பவர் அளந்து பார்த்து, அது சந்திரனுக்கு வெகு அப்பாலுள்ளது என்று காட்டினார். அளவுகோல் வந்தவுடன் ஏட்டின் யோக்கியதை வெளியாயிற்று. அது ஒரு நட்சத்திரம் வெடித்த வெளிச்சமென்று இன்று அறிவோம்.

அப்படி வெடிக்கும்போது நிக்கல் உண்டாகி, அது கோபால்ட்டாகி, கடைசியில் இரும்பாகும் என்றும், அப்போது குறிப்பிட்ட சக்தியுள்ள காமாக் கதிர்கள் வெளிப்படும் என்றும், அவற்றைக் கருவியால் பிடிக்கலாம் என்றும் கிளேட்டன், கோல்கேட், ஃபிஷ்மன் ஆகிய மூவர் 1969-இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். நடந்து முடிந்த பிறகு "அன்றே சொன்னோம்" என்ற பேச்சல்ல இது.

1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதே வருஷத்தில், சூரியனை ஆராய அமெரிக்கர் அனுப்பியிருந்த செயற்கைச் சந்திரனிலுள்ள கருவி, கோபால்ட்டுக்கே உரிய அந்தக் கதிர்களைப் பிடித்தது. ஆனால், அவை எதிர்பார்த்ததற்குப் பல மாதம் முன்னதாகவே வந்துவிட்டன. "விஞ்ஞானம் தோற்றது" என்று பண்டிதர் குதிக்கலாம். விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகவே நட்சத்திரம் விரியும் என்று எண்ணியது பிசகு, உள்ளிருந்த கோபால்ட் வெளிப்புறம்வரை கலந்து வீசப்பட்டிருக்கின்றது என்று கணக்கைத் திருத்தினார்கள். கருவியைப் பொய்யென்று சொல்லவில்லை.

நிற்க, அந்தக் கருவி கதிரின் சக்தியை அளக்குமேயன்றி உருவம் காட்டாது. காமாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடியால் குவிக்கவும் முடியாது; காற்று மண்டலமோ அதைத் தரைக்கு விடாது. ஆகவே ஐரோப்பியர் 2002-இல் 'இன்டெக்ரல்' என்ற செயற்கைச் சந்திரனை அனுப்பினார்கள். அதில் டங்ஸ்டன் கட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கிய தட்டிகள் உண்டு. தட்டியின் நிழல் விழும் இடத்தைக் கணக்கிட்டுக் கதிர் வந்த திசையை அறிவார்கள். ஜன்னல் கம்பியின் நிழலைப் பார்த்துச் சூரியன் நிற்குமிடத்தைச் சொல்வது போன்றதே இது. இதில் மாய மந்திரம் ஒன்றுமில்லை.

2014-இல் எம் 82 என்ற நட்சத்திரக் கூட்டத்தில் மற்றொன்று வெடித்தது. 1 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலிருந்து வந்த கோபால்ட் கதிர்களை இன்டெக்ரல் பிடித்தது. அவற்றைக் கொண்டு, சூரியனின் எடையில் சுமார் பத்தில் ஆறு பங்கு நிக்கல் அவ்வெடிப்பில் உண்டானதாகக் கணக்கிட்டார்கள். 2025-இல் தன் ஆராய்ச்சி வேலையை முடித்த அக்கருவி விட்டுச்சென்ற கணக்குகளை எவரும் சரிபார்க்கலாம்.

நம் இரத்தத்திலுள்ள இரும்பும் இப்படி வெடித்த நட்சத்திரங்களில் விளைந்ததேயாகும். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதியல்ல. முன்கூட்டிச் சொல்லி, சோதித்து, பிசகினால் திருத்திக் கொள்வதற்கும் நம்பிக்கை என்றுதான் பெயரா? அப்படியானால் பண்டிதர்கள் தங்கள் நம்பிக்கையையும் அதே சோதனைக்குக் கொண்டுவரட்டுமே! வருவார்களா என்று கேட்கின்றோம்.